துரை திரும்பிப் பார்க்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

நான் அப்படிச் சொல்லவே இல்லை. "இந்தப் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி பத்தலை" என்று நான் நர்ஸிடம் சொன்னதாக மாப்பிள்ளையின் அக்கா நான்கு வீட்டுக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். நர்ஸ் வந்த அன்று நான் அந்த அறையிலேயே இல்லை. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

நான் செய்தது ஒன்றுதான். படிவத்தை நிரப்பினேன்.

இரண்டு வயதுப் பரிசோதனைக்கு முன்னால் சுகாதார நிலையத்திலிருந்து நான்கு பக்கப் படிவம் வந்தது. குழந்தை இதைச் செய்கிறதா, அதைச் செய்கிறதா. ஆம், சில சமயம், இன்னும் இல்லை. இவள் (என் தங்கை மகள், ஆனால் வளர்த்த உரிமையில் என் மகள்தான்) அதை ஒரு வாரம் ஃப்ரிட்ஜின் மேல் போட்டு வைத்திருந்தாள். பிறகு ஒரு காலை, செருப்பு மாட்டிக்கொண்டே, "பெரியம்மா, பகலெல்லாம் நீங்கதானே இவனைப் பாக்கறீங்க. நீங்களே போட்டுடுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டடத்தில் எப்போது இருப்பார் என்று அவருக்கே தெரியாது. காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை குழந்தை துரை கீழே என் வீட்டில். ஆகவே நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், நீல மையில்.

படிவத்தை உள்ளபடி நிரப்புவது குற்றமா?

மார்ச் 4, புதன்

துரைக்கு இன்றும் மூக்கு ஒழுகல். மூன்று மாதமாக விட்டுவிட்டு வருகிறது. கஞ்சி அரைக் கிண்ணம்.

மார்ச் 6, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் கதை கட்ட வேண்டாம்.

போன வாரம் வியாழக்கிழமை நர்ஸ் மாடிக்கு வந்தாள். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, செருப்பை வாசலிலேயே கழற்றினாள் — நல்ல வளர்ப்பு. எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றும் சரி. பிறகு என் படிவத்தை வைத்துக்கொண்டு கூட்டினாள். ஐந்து பகுதிகளில் மூன்று, தேறும் கோட்டுக்குக் கீழே. அதன் பிறகு துரையின் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் இது புதிது இல்லை. அதனால்தானே அவனுக்கு இந்தப் பெயரே வந்தது. பத்து முறை கூப்பிட்டாலும் திரும்பாமல் உட்கார்ந்திருப்பான். "துரைக்கு இப்ப காது கேக்காது, ஆபீஸ் டைம்" என்பார் மாப்பிள்ளை. சிரிப்போம்.

நர்ஸ் சிரிக்கவில்லை. படிவத்தில் கேட்டல் பகுதியைப் பார்த்தாளாம். "காது நல்லா கேக்குதுன்னு போட்டிருக்கீங்க, இல்லையா?" என்றாளாம். இவளும் "ஆமாம், பிறந்தப்பவே டெஸ்ட் பாஸ் பண்ணிட்டான்" என்றிருக்கிறாள். நர்ஸ் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்தாளாம். பிறகு: "காது கேட்டும் பேருக்குத் திரும்பலை, பேச்சும் வரலை. எதுக்கும் பெரிய டாக்டர் ஒரு தடவை பாத்துரட்டும்."

குழந்தை வளர்ச்சி நிபுணர். வரிசையில் நான்கு மாதம்.

பால் பொங்கியதால் இதில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. எல்லாம் இவள் பிறகு சொன்னது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாடியில் இரண்டு நாளாகச் சமையல் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். இவள் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் பட்டியலாக வருகிறது: இருபத்து நான்கு மாதத்தில் ஐம்பது சொல், இரண்டு சொல் சேர்த்து ஒரு வாக்கியம், பெயருக்குத் திரும்புதல், கண்ணைப் பார்த்தல். எங்கள் துரைக்கு மொத்தச் சொத்து நான்கு சொல். 'மா', 'பா', 'த்தா', அப்புறம் கோபம் வந்தால் ஒரு 'ஊம்'.

"ஆட்டிசமா இருக்குமோ பெரியம்மா?"

"இருந்தா என்ன? அப்படிப்பட்ட பிள்ளைங்க வளரலையா, வாழலையா?" என்றேன். நியாயமான பதில்தான். ஆனால் குரல் அதட்டலாக வந்துவிட்டது.

"வாழும். எனக்குத் தெரியும். ஆனா அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாம இருக்கே, அதுதான்." ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "ஊர்ப் பிள்ளைங்க கண்ணையெல்லாம் நாள் முழுக்கப் பாக்கறேன். எம் பிள்ளை என் கண்ணைப் பாக்கறானான்னு ஒரு நாளும் கவனிக்கலையே."

மாப்பிள்ளை நிலைமையை லேசாக்க நினைத்து, "நானே மூணு வயசுலதான் பேசினேனாம். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நிறுத்தலை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் டூல் பையை எடுத்துக்கொண்டு, கூப்பிடாத வேலைக்குப் போனார்.

நான் இறங்கும்போது இவள் கேட்டாள்: "பெரியம்மா, ஒரு கேள்விக்கும் 'ஆம்' போட மனசு வரலையா உங்களுக்கு?"

போட்டிருக்கிறேன். ஐந்தாறு போட்டிருக்கிறேன்.

என்னிடம் இப்படிப் பேச இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

மார்ச் 9, திங்கள்

தூக்கம் சரியில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழங்கால் வலி.

மார்ச் 10, செவ்வாய்

படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நகல் எடுக்காமல் எந்தக் காகிதமும் என் கையை விட்டுப் போனதில்லை. துரை தூங்கும்போது எடுத்துப் படித்தேன்.

ஆறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறதா? — 'சில சமயம்' போட்டிருக்கிறேன். காரணம், ஆறாவது கட்டை சாய்ந்து நின்றது. கரண்டியால் தானே சாப்பிடுகிறதா? — 'சில சமயம்'. மேல்சட்டையில் இரண்டு சொட்டு. நேர்க்கோட்டைப் பார்த்து வரைகிறதா? — 'இன்னும் இல்லை'. கோடு வரைந்தான். நேராக இல்லை. பந்தை உதைக்கிறதா? உதைத்தான், உதைக்கும் முன் ஒரு விநாடி நாற்காலியைப் பிடித்தான். 'இன்னும் இல்லை'.

இருபத்தேழு வருஷம் நான் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தேன், பதினோரு வருஷம் அதற்குத் தலைமை. காலர் முனை ஒரு நூல் ஏறினாலும் ஒதுக்குவேன். சந்தேகம் வந்தால் ஒதுக்கு, அதுதான் எங்கள் சட்டம். நான் பாஸ் பண்ணிய பெட்டி ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது காப்பியை நீட்டிவிட்டு, "இது பாஸா, ரிஜெக்ட்டா மேடம்?" என்று கேட்பார். அரைவாசி நாள் ரிஜெக்ட்தான்.

ஆனால் ஒதுக்கிய சட்டை எங்கே போகும் என்பதை நான் யோசித்ததில்லை. அது வேறு பிரிவு.

மார்ச் 11, புதன்

கட்டையை அவன் முன்னால் வைத்தேன். ஏழு அடுக்கினான். ஏழாவதும் சாய்ந்துதான் நின்றது. விழவில்லை. அவன் என்னைப் பார்த்துக் கை தட்டினான், நான் தட்டும்வரை நிறுத்தவில்லை.

ஒரு குழந்தை அடுக்கும் கட்டை எந்த ஊரில் நேராக நிற்கும்?

மார்ச் 13, வெள்ளி

எழுத்து கோணலாக வருவதற்கு மன்னிப்பு — யாரிடம் கேட்கிறேன்?

பதினொரு மணி இருக்கும். பின்பக்கச் சிமெண்ட் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். துரை வாளியோடு விளையாடிக்கொண்டிருந்தான். மீட்டர் பார்க்க வந்தவன் பக்கவாட்டுக் கேட்டைச் சாத்தாமல் போயிருக்கிறான். நான் திரும்பும்போது துரை கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். முதுகு எனக்கு. அதற்கப்பால் தெரு.

கைத்தடியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினேன். என் வீட்டில் இரண்டு தட்டு தட்டினால் எங்கிருந்தாலும் வந்துவிடுவான். வராமல் இருந்ததே இல்லை. இன்று திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். போய்க்கொண்டே இருந்தான் — ஆடி அசைந்து, வாளியை இழுத்துக்கொண்டு, துரை மாதிரி.

எனக்கு ஓட முடியாது. ஓடினேன்.

கேட்டில் கை வைக்கும்போது பிடித்துவிட்டேன். அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். பிடிவாதக்காரப் பிள்ளை பிடிபட்டால் முகத்தில் ஒரு கள்ளத்தனம் இருக்கும். அது இல்லை. 'நீ எப்போது வந்தாய்?' என்கிற முகம்.

அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பலகைத் தரையில் இறக்கிவிட்டேன். என் முன் அறை பழைய கட்டு, மரப்பலகை பாவியது. அவன் காருக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். தள்ளி நின்று, கைத்தடியால் இரண்டு தட்டு. மெதுவாகத்தான் தட்டினேன்.

உடனே திரும்பினான். சிரித்தான்.

மார்ச் 14, சனி

இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு சோதித்தேன். நடுநடுவே ஓய்வு, பிஸ்கட். எல்லாம் அவன் முதுகுப் பக்கமிருந்து, ஐந்தடி தூரத்தில், அவன் என்னைப் பார்க்க முடியாதபடி.

பலகைத் தரையில் கைத்தடி: பத்துக்குப் பத்து. மெத்தைமேல் உட்கார வைத்து அதே தட்டு: பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் என் நிழல் சுவரில் விழுந்தது, கழித்துவிட்டேன். பெயர் சொல்லி, சாதாரணக் குரலில்: பூஜ்யம். உரத்த குரலில்: நான்கு. வெளியே லாரி ஹாரன் அடித்தபோது தானாகவே திரும்பினான். எதிரில் உட்கார்ந்து பேசினால் என் வாயையே பார்க்கிறான். கண்ணைப் பார்ப்பதில்லை என்று அவன் அம்மா அழுகிறாளே — அவன் வாயைப் பார்க்கிறான்.

படிவத்தில் இருந்த கேள்வி: 'பின்னாலிருந்து அழைத்தால் குழந்தை திரும்புகிறதா?' நான் யோசிக்காமல் 'ஆம்' போட்டேன். நாலு பக்கத்திலும் நான் சந்தேகப்படாத ஒரே கேள்வி அதுதான். என் தட்டுக்கு இந்தக் குழந்தை வருகிறதே என்று பெருமைகூட.

எனக்குத் தெரியாதா? எனக்கு, எனக்குத் தெரியாதா?

அந்தச் செக்கிங் ஹாலில் இருநூறு தையல் மெஷின் ஓடும். பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது. நீள மேஜையின் ஒரு கோடியில் நின்று இரும்பு ஸ்கேலால் இரண்டு தட்டு தட்டுவேன், நாற்பது பெண்களும் நிமிர்வார்கள். அவர்கள் ஒருத்திக்கும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. மேஜைமேல் கை இருந்தது, கைக்குத் தெரிந்தது. கை எடுத்தவள் நிமிர மாட்டாள். புதிதாக வருபவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

ஸ்கேல் போய்க் கைத்தடி வந்தது. வேறென்ன மாறியது? பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. வாயைத் திறந்து கூப்பிட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நல்லதை எல்லாம் ஒதுக்கினேன். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பாஸ் பண்ணினேன்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து மூன்று முறை மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். 'டாக்டரிடம் காதையும் காட்டலாமே' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று ஒரு யோசனை. யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் நீல மை டிக் அந்தக் கோப்பிலேயே கிடக்கும். நிபுணரும் அதைப் படிப்பார். இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சோதனைத் தாளைக் கொடுத்தேன். மெத்தையில் ஒருமுறை, பலகையில் ஒருமுறை செய்து காட்டினேன். பிறகு, "அந்த 'ஆம்' தப்பு. நான் போட்டது" என்றேன்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "லிஃப்ட்ல பெல் அடிக்கலைன்னா பெல் வயரைத்தான் முதல்ல பாப்போம் அத்தை. மோட்டாரைக் கழட்ட மாட்டோம். இங்க நாமளே பெல் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கோம்." 'நாமளே' என்றார். அந்த மனிதரை நான் இதுவரை சரியாக மதிப்பிடவில்லை.

இவள் தாளை மடித்தாள், விரித்தாள்.

"கோடு நேரா இல்லைன்னு மார்க்கைக் குறைச்சீங்க. கேக்காத பிள்ளைக்குக் கேக்குதுன்னு போட்டீங்க. பதினஞ்சு நாள் பெரியம்மா. பதினஞ்சு நாள் நான் எதையெல்லாம் நினைச்சேன் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது!"

தெரியாதுதான்.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. துரை காரை உருட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. மாப்பிள்ளையும் நானும் அதைப் பார்த்தோம்.

சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து கேட்டாள்: "கையெழுத்துப் போட்டது நான்தானே. படிச்சுப் பாத்தேனா?"

நான் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளிவிடவில்லை.

மார்ச் 16, திங்கள்

சுகாதார நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். இருபது நிமிஷம் சங்கீதம் கேட்டேன். பிறகு ஒரு பெண்: "ஃபோன்ல எல்லாம் மாத்த முடியாதும்மா. எழுதிக் குடுங்க, அம்மா கையெழுத்தோட." சரியான நடைமுறைதான். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மார்ச் 17, செவ்வாய்

இவள் லீவு போட்டாள். தெருக்கோடி டாக்டரிடம் மூவருமாகப் போனோம். விளக்கு வைத்த கருவியால் இரண்டு காதையும் பார்த்தார். துரை அவர் மூக்கைப் பிடித்தான்.

"ரெண்டு பக்கமும் செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. அடிக்கடி சளி பிடிக்குதா?"

மூன்று மாதமாக என்றேன். நாள் வாரியாகச் சொன்னேன், இந்த நோட்டில் இருக்கிறதே.

"எவ்வளவு கேக்குதுன்னு முறையா டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். நிறையப் பிள்ளைங்களுக்குத் தானா வடிஞ்சிரும், சிலருக்குச் சின்ன ஆபரேஷன் தேவைப்படும். பேச்சு வராதது முழுக்க இதனாலதான்னு இன்னிக்கே நான் சொல்ல மாட்டேன்மா. பெரிய டாக்டரையும் பாருங்க."

இவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும் குனிந்து அவன் முகத்துக்கு நேராக, மெதுவாக, அவன் பெயரைச் சொன்னாள். அவன் அவள் வாயைத் தொட்டான்.

வீடு வந்தோம். வாசலில், "பெரியம்மா, நேத்தே புதுப் படிவம் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். நீங்களே போடுங்க. இந்தத் தடவை நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள்.

மார்ச் 18, புதன்

ஒரு மணி நேரம் ஆனது. மூன்று இடத்தில் சண்டை. கரண்டிக்கு 'ஆம்' போடச் சொன்னாள். "ரெண்டு சொட்டு" என்றேன். "நீங்க காப்பி குடிச்சா புடவையில எத்தனை சொட்டு?" என்று கேட்டாள். 'ஆம்' போட்டேன். இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதற்கு 'இன்னும் இல்லை' என்று அவளே போட்டாள்.

பழைய நகலையும் சேர்த்து அனுப்புகிறோம். பிழையைச் சுரண்டி அழிக்கக் கூடாது, ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்று கான்வென்ட்டில் படிக்கும்போது சிஸ்டர் விரலில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த 'ஆம்' மீது ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் என் கையெழுத்து.

கடிதத்தின் நகல்:

சுகாதார நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பிப்ரவரி 26 அன்று தங்கள் நர்ஸ் பரிசோதித்த எங்கள் வீட்டு ஆண் குழந்தையைப் பற்றியது இது. அவனுடைய படிவத்தை நிரப்பியவள் நான், அவன் தாயின் பெரியம்மா. தாய் என்னை நம்பிக் கையெழுத்திட்டாள். கேட்டல் பகுதியில் நான் 'ஆம்' என்று குறித்தது தவறு. அவன் திரும்பியது என் குரலுக்கு அல்ல, பலகைத் தரையின் அதிர்வுக்கு. நான் செய்த சோதனைகளின் விவரத்தையும் டாக்டரின் குறிப்பையும் இணைத்திருக்கிறேன். வேறு சில கேள்விகளில் நான் தேவைக்குமேல் கண்டிப்பாக இருந்துவிட்டேன்; திருத்திய படிவமும் இதனுடன் இருக்கிறது. தங்கள் நர்ஸ் மீது எந்தக் குறையும் இல்லை. கொடுத்த காகிதத்தை நம்பினார்.

நிபுணரின் வரிசையிலிருந்து குழந்தையின் பெயரை எடுக்க வேண்டாம். ஆனால் அவர் பார்ப்பதற்கு முன்பே அவனுக்கு முறையான செவிப் பரிசோதனை நடக்க வேண்டும். இந்தத் திருத்தம் கோப்பில் சேர்க்கப்பட்டதா என்பதையும், பரிசோதனைக்கான தேதியையும் குழந்தையின் தாய்க்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.